பட்ஜெட்டை முந்திய கம்ப்ரசர்

கொள்முதல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பணிக்காலத்தில் நான் மொத்தம் பதினான்கு கம்ப்ரசர்கள் வாங்கியிருக்கிறேன். அவற்றில் பதின்மூன்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வந்தன, ஓடின, தேய்ந்தன, பழைய இரும்புக்குப் போயின. ஒன்பதாவதைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நடந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது நினைத்தாலும் நெஞ்சு வேகமாக அடிக்கிறது. எழுத உட்காருமுன் நாடி பிடித்துப் பார்த்தேன், நிமிடத்துக்குத் தொண்ணூற்றிரண்டு. சாதாரணமாக எனக்கு எழுபத்தாறு.

எங்கள் ஆலை உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் இருந்தது. இறாலை உரித்து, உறைய வைத்து, அட்டைப்பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றும் ஆலை. தெற்கு மதிலிலிருந்து கடல் நானூற்றுப் பத்து காலடி தூரம். வடக்கே இன்னொரு கடல், ஆனால் அதற்கு மூன்று கிலோமீட்டர் போக வேண்டும். நான் பரமக்குடிக்குத் தெற்கே மிளகாயும் நெல்லும் போடுகிற வீட்டில் பிறந்தவன். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது உப்பாக இருக்கும் என்பதுதான். அந்த ஒன்றையாவது சரியாகத் தெரிந்து வைத்திருந்தேனா என்பதுதான் இந்தக் கதை.

இறால் ஆலையில் கம்ப்ரசருக்கு என்ன வேலை என்று உங்களில் ஒருவர் கேட்டதாகச் சொன்னார்கள். நல்ல கேள்வி. உறைய வைப்பது வேறு இயந்திரம். ஆனால் அதன் கதவுகளும் வால்வுகளும், பெட்டியை மடித்து ஒட்டுகிற இயந்திரமும், காற்றின் அழுத்தத்தால்தான் திறந்து மூடுகின்றன. கம்ப்ரசர் நின்றால் காற்று நிற்கும். காற்று நின்றால் அறுபத்து நான்கு பெண்கள் உரித்துக் கொடுத்த இறால் போக வழியில்லாமல் கன்வேயர் பட்டையிலேயே கிடக்கும்.

எங்களிடம் இருந்த கம்ப்ரசருக்கு அப்போது பதினோரு வயது. முந்தைய பருவத்தில் மட்டும் ஒன்பது தடவை நின்றது. புதிது வாங்க முதலாளி சம்மதித்தார். வெளிநாட்டுத் தயாரிப்பு, நான் பார்த்துத் தேர்ந்தெடுத்த மாடல். அந்த மாடலில் இரண்டு வகை இருந்தன. சாதாரண இயந்திரம் தயாராக இருந்தது. உடனே கப்பலேற்றலாம். இன்னொன்றில், சூட்டைத் தணிக்கிற கூலரின் தகடுகளுக்கு உப்புக்காற்று அரிக்காதபடி ஒரு பூச்சு பூசித் தருவார்கள். அதற்கு ஏழு வாரம் கூடுதலாகும்.

அது தேர்தல் நடந்த ஆண்டு. முழு பட்ஜெட் ஜூலைக்குத் தள்ளிப் போயிருந்தது. மே மாதத்திலேயே பேச்சு கிளம்பிவிட்டது. இயந்திரங்களுக்கு இறக்குமதி வரி ஏறப் போகிறது, இப்போதே வாங்காவிட்டால் வாங்கவே முடியாது என்று. ஒரே வாரத்தில் எனக்கு வந்த முப்பத்தோரு தொலைபேசி அழைப்புகளில் பத்தொன்பது இதைப் பற்றியவை. ஒருவர் டெல்லியில் தன் மச்சினன் இருக்கிறான் என்றார். இன்னொருவர் வரி எத்தனை சதவீதம் ஏறும் என்று அரைச் சதவீதம் வரைக்கும் சொன்னார்! எண்ணைச் சொன்னால் நான் நம்பிவிடுவேன். அது என் பலவீனம். உங்களில் கணக்கில் கெட்டிக்காரர்கள் இருந்தால் அவர்களுக்கும் அந்தப் பலவீனம் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியில் எங்களுக்கு ஒரு கிளியரிங் ஏஜென்ட் இருந்தார். துறைமுகத்தில் சரக்கு இறக்கி, கஸ்டம்ஸில் தாள்களைத் தாக்கல் செய்து, வரி கட்டி, லாரியேற்றி விடுவது அவர் வேலை. அவர் முகத்தை நான் மூன்றே முறைதான் பார்த்திருக்கிறேன். குரலை ஆயிரம் முறையாவது கேட்டிருப்பேன். இந்த வரி விஷயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லித் தந்தது. அவரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, ஆர்டர் போட்ட தேதியில இருக்கிற வரியா, பொருள் வந்த தேதியில இருக்கிற வரியா?"

"ரெண்டும் இல்ல சார். நாம கஸ்டம்ஸ்ல தாள் போட்ட தேதி ஒண்ணு. கப்பலு உள்ள வந்ததாப் பதிவு விழுற தேதி ஒண்ணு. ரெண்டுல எது பிந்தியோ அதுதான் கணக்கு. தாளை நான் முந்தியே போட்டுருவேன். கப்பலு உங்க அவசரத்துக்கு வராதுல்லா?"

"பட்ஜெட்டுக்கு முந்தி வந்துருமா?"

"சாதா மிஷின்னா வரும். பூச்சு மிஷின்னா வராது. ஆனா சார், நான் ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க. வரி டெல்லியில உள்ளவங்க கையில இருக்கு. கூட்டுவாங்க, கொறைப்பாங்க. உங்க கையில இருக்கது மிஷினு. அதைப் பாத்து வாங்குங்க."

"சரி அண்ணாச்சி, பிறகு பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். பேச்சு நடந்தது மொத்தம் இரண்டு நிமிடம். அதில் கடைசி பத்து நொடியை நான் கேட்கவில்லை.

முதலாளி கீழக்கரைக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்காக ஒரே தாளில் பதினேழு வரிகளில் எழுதிக் கொண்டுபோனேன். இயந்திர விலை, கப்பல் கூலி, இப்போதைய வரி, ஏறப்போகும் வரி, மிச்சமாகும் தொகை எல்லாம் வரிசையாக இருந்தன. அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பதினேழாவது வரிக்குப் பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"எல்லாம் சரி தம்பி. இது நம்ம கடக்காத்துக்குத் தாங்குமா?"

"தாங்கும் முதலாளி."

"அப்பப் போடுங்க. இன்ஷா அல்லாஹ், பட்ஜெட்டுக்கு முந்தி வந்துரட்டும்."

அந்த "தாங்கும்" என்ற சொல்லைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. இந்த இயந்திரம் கடற்காற்றைத் தாங்கும் என்று எந்தத் தாளிலும் நான் பார்த்திருக்கவில்லை. தயாரிப்பாளரிடம் கேட்டிருக்கவில்லை. எங்களைப் போல் கடலோரத்தில் ஆலை வைத்திருந்தவர்கள் அந்தச் சாலையில் நான்கு பேர் இருந்தார்கள். ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. பதினேழு வரியும் சரியாக இருந்ததால் பதினெட்டாவதும் சரியாக இருக்கும் என்று வாய் சொல்லிவிட்டது.

கம்ப்ரசரை ஓட்டுபவர் மலைச்சாமி. முதுகுளத்தூர்ப் பக்கம் ஊர், என்னைப் போலவே மழைக்குக் காத்திருக்கிற குடும்பம். அறைக்குள் வராமலே வெளியிலிருந்து சத்தத்தைக் கேட்டு இயந்திரத்துக்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவார். அவர் ஒரு நாள் என் மேசைக்கு வந்தார்.

"சார், பூச்சு இல்லாத மிஷினுக்கா ஆர்டர் போட்டிருக்கீக?"

"ஆமா. பூச்சுக்குக் காத்திருந்தா வரி ஏறிரும். ஏறுனா ஒஞ் சம்பளத்துல பிடிக்கவா?"

"பிடிங்க சார். பிடிக்கிற அளவுக்கு அதுல என்ன இருக்குன்னு நானும் பாக்கணும்."

பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேள்வி அதோடு போய்விட்டது. சிரிப்பில் காணாமல் போகிற கேள்விகளை நான் பிற்காலத்தில் ஒரு நோட்டில் குறித்து வைக்க ஆரம்பித்தேன். நீங்களும் செய்யலாம்.

ஜூலை வந்தது. பட்ஜெட் அன்று எங்கள் கப்பல் தூத்துக்குடிக்கு வெளியே நங்கூரமிட்டு இரண்டு நாளாக நின்றுகொண்டிருந்தது! உள்ளே வரத் துறையில் இடமில்லை. வரி கூடினால் அன்று நள்ளிரவோடு பழைய வரி முடிந்துவிடும். அதற்குள் கப்பல் உள்ளே வந்ததாகப் பதிவு விழ வேண்டும். காலை பதினோரு மணிக்குப் பேச்சு தொடங்கியது. நான் கேண்டீன் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு அதன் முன்னால் நின்றேன். உட்கார முடியவில்லை. சுங்க வரியைப் பற்றிக் கடைசியில்தான் சொல்வார்கள் என்று தெரியும், ஆனாலும் நின்றேன்.

பன்னிரண்டரைக்கு இறால் உரிக்கிற பெண்கள் சாப்பிட வந்தார்கள். அந்தப் பிரிவுக்குத் தலைவி ஜெனோவா. அக்காள்மடத்துக்காரி. அண்ணன் தம்பி நால்வருக்கும் சேர்த்து ஏழு மீன்பிடி வள்ளம் உள்ள வீடு. தீவிலிருந்து பாலம் தாண்டி தினமும் பஸ்ஸில் வருவாள்.

"யாரு சார் இது? இம்புட்டு நேரமா மூச்சு விடாமப் பேசுறாக."

"பட்ஜெட்."

"இறாலுக்கு ஏதும் சொன்னாகளா?"

"இன்னும் இல்ல."

"டீசலுக்கு?"

"இல்ல."

"அப்பச் சத்தத்தைக் கொறைங்க சார். சோறு எறங்க மாட்டேங்குது."

சத்தத்தைக் குறைத்தேன். பத்து நிமிடத்தில் என் கைபேசி அடித்தது. "சார், எடம் கெடச்சிட்டு. கப்பலு உள்ள வருது. சாயங்காலத்துக்குள்ள பதிவு விழுந்திரும்" என்றார் ஏஜென்ட். நான் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் கேண்டீனே என்னைத் திரும்பிப் பார்த்தது. என்ன ஏது என்று ஜெனோவா கேட்டாள். சொன்னேன். நம் கப்பல், நம் இயந்திரம், இன்றைக்குள் வந்தால் ஜெயித்தோம் என்றேன். அவ்வளவுதான், அவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. குறைத்து வைத்த சத்தத்தில் பட்ஜெட் பேச்சு சுங்க வரிக்கு வந்ததும் முடிந்ததும் என் காதில் விழவில்லை. வேலைக்குத் திரும்பிய பிறகும் இருபது நிமிடத்துக்கு ஒருத்தி கையுறையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"சார், வந்துருச்சா?"

"இல்ல."

மூன்று மணிக்கு முன் ஆறு பேர் வந்து கேட்டுவிட்டார்கள். மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஏஜென்ட் கூப்பிட்டார்.

"விழுந்திட்டு சார்! இன்னைக்கித் தேதி!"

நான் குதித்தேன். ஐம்பத்தோரு வயதில், கேண்டீன் நடுவில், இரண்டு காலும் தரையை விட்டு எழும்பக் குதித்தேன். நூற்றிருபது லட்டு வாங்கி வரச் சொன்னேன். ஏஜென்டிடமும் லட்டு வாங்குவதைச் சொன்னேன். உரிக்கும் கூடத்தில் கைதட்டல் கேட்டது.

நான்கரைக்கு மறுபடி அழைப்பு.

"சார், உக்காந்திருக்கீங்களா?"

"ஏன் அண்ணாச்சி?"

"பட்ஜெட் தாளு கையில வந்திட்டு. நம்ம மிஷினுக்கு வரியைக் கொறச்சிருக்காங்க."

"குறைச்சிருக்காங்களா? நல்லதுதானே!"

"நாளையில இருந்து சார். நாம இன்னைக்கி ஓடி ஓடி உள்ள வந்துட்டோம். தாளும் போட்டாச்சு, பதிவும் விழுந்தாச்சு. பழைய வரிதான்."

நான் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர், "லட்டு மிச்சம் இருந்தா ரெண்டு அனுப்பி வைங்க" என்றார்.

மிச்சம் பதினோரு லட்டு இருந்தது. அனுப்பவில்லை. பத்தொன்பது பேர் அடித்துச் சொன்ன வரி ஏறவில்லை என்பதில் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களுக்கும் தெரியாது, அவ்வளவுதான். வரி என்பது அறிவிக்கிற நிமிடம் வரைக்கும் யாருக்கும் தெரியாத விஷயம். கொட்டேஷனில் "வரி மாற்றம் வாங்குபவர் பொறுப்பு" என்று ஒரு வாசகம் சின்ன எழுத்தில் இருக்கும், அதைக் கண்டால் பேரம் பேசுங்கள், பாதிக்குப் பாதி என்றாவது எழுதி வாங்குங்கள். அது உங்கள் கையில் இருக்கிற காரியம். அதற்கு மேல் வரியை விரட்டிக்கொண்டு ஓடாதீர்கள். ஆனால் இதெல்லாம் எனக்கு அன்று பெரிய நஷ்டமாகத் தெரிந்தது. பெரிய நஷ்டம் இன்னும் பெட்டிக்குள் இருந்தது.

இயந்திரம் வந்தது. பழையதை இரும்புக்குப் போட்டுவிட்டுப் புது அறை கட்டினோம். கொத்தனார் என்னிடம் வந்து, காற்று உள்ளே வர எந்தச் சுவரில் திறப்பு விட வேண்டும் என்று கேட்டார். சூடான காற்று கூரை வழியாகப் போய்விடும், குளிர்ந்த காற்று வர ஒரு பெரிய ஜன்னல் வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. தெற்கு என்றேன். எங்கள் ஊரில் வீடு கட்டினால் தெற்கே ஒரு ஜன்னல் கட்டாயம். ஆடி மாதத்தில் அந்த ஜன்னலடியில் படுக்க வீட்டில் எட்டுப் பேரும் சண்டை போடுவோம். மலைச்சாமியும் தலையாட்டினார். அவர் ஊரிலும் அப்படித்தான். மிளகாய்க் கொல்லையிலிருந்து வந்த இரண்டு பேர் சேர்ந்து, பூச்சில்லாத கூலரைத் தென்கடலுக்கு நேராகத் திறந்து வைத்தோம். அது கச்சான் அடிக்கிற காலம். தென்மேற்கிலிருந்து அலையின் தூவலையும் அள்ளிக்கொண்டு நாள் முழுவதும் வீசுகிற காற்று அது. ஜன்னலருகே நின்று, "என்னா காத்து!" என்று நான் மகிழ்ந்ததுகூட நினைவிருக்கிறது.

இயந்திரம் ஓடத் தொடங்கிய நாற்பத்தேழாவது நாள்.

காலை ஒன்பதுக்குக் கன்டெய்னர் லாரி வந்து வாசலில் நின்றது. மொத்தம் ஆயிரத்து நூற்றைம்பது பெட்டி ஏற்ற வேண்டும். நானூற்று முப்பது பெட்டி இன்னும் தயாராகவில்லை, இறால் உறைந்துகொண்டிருந்தது. ஐந்து மணிக்கு லாரி கிளம்பினால்தான் தூத்துக்குடியில் கப்பலைப் பிடிக்கும். அந்தக் கப்பலை விட்டால் வெளிநாட்டில் வாங்குபவர் ஆர்டரை ரத்து செய்வார். ஏற்கெனவே ஒருமுறை தாமதித்திருந்தோம், மறுமுறை கிடையாது என்று எழுதியே அனுப்பியிருந்தார். அந்தப் பருவத்தின் பாதி வேலை அவர் கொடுத்தது. அவர் போனால் உரிக்கும் கூடத்தில் அறுபத்து நான்கு பேருக்கு வேலை இருக்காது. முப்பது பேருக்கு இருக்கும்.

பதினோரு மணிக்கு மலைச்சாமி வந்து நின்றார்.

"சார், மிஷினு காயுது. நூத்தி ரெண்டு டிகிரி. எப்பவும் எம்பத்தஞ்சுல நிக்கும்."

ஓடினேன். முகப்பில் நூற்று மூன்று காட்டியது. நூற்றுப் பத்தைத் தொட்டால் தானாக நின்றுவிடும். பக்கவாட்டு மூடியைக் கழற்றிக் காட்டினார். கூலரின் தகடுகளுக்கு இடையே காய்ந்த மாவு போல வெள்ளையாக அப்பியிருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. சில இடங்களில் தகடே பொடியாகி உதிர்ந்தது. விற்றவருக்கு அழைத்தேன். "புது கூலரா? அஞ்சு வாரம் ஆகும் சார்" என்றார். முதலாளிக்கு அழைத்தேன். அவர் துபாய் விமானத்தில் இருந்தார்.

"நிப்பாட்டிருவோம் சார்" என்றார் மலைச்சாமி.

"ஒரு மணி நேரம் நின்னா எம்பத்தாறு பெட்டி போச்சு. ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

"ஓடும். எம்புட்டு நேரம் ஓடும்னு சொல்லுங்க. நீங்கதான் எல்லாத்தையும் எண்ணுவீகளே."

அதை எண்ண முடியவில்லை. நூற்று ஐந்து.

"சார், தானா நின்னா இறாலு உள்ளுக்குள்ள பாதி உறைஞ்சும் உறையாமயும் மாட்டிக்கிரும். அம்புட்டும் குப்பை. நாமளா நிப்பாட்டுனா பட்டையைக் காலி பண்ணி, இறாலை ஐஸ்ல போட்டுட்டு நிப்பாட்டலாம். நாலஞ்சு டிகிரி இருக்கு. அதுக்குள்ள சொல்லுங்க."

தயங்கியது எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் வாழ்க்கையில் நான் கடிகாரம் பார்க்காத நிமிடங்கள் மிகக் குறைவு, அவை அதில் சேரும். தொடர்ந்து ஓட்டினால், நடந்ததற்கு இயந்திரத்தைக் குற்றம் சொல்லலாம். நிறுத்தினால் நான் நிறுத்தினேன் என்றாகும். என்னைத் தயங்க வைத்தது பெட்டிக் கணக்கு இல்லை, இதுதான் என்று அப்போதே எனக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

"பட்டையைக் காலி பண்ணச் சொல்லு. நிப்பாட்டு."

பட்டை நின்றதும் ஜெனோவா வந்துவிட்டாள். பின்னால் ஏழெட்டுப் பேர். கூலரைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே நுரைத்துக்கொண்டிருந்த கடலைப் பார்த்தாள். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"யாரு சார் இதைத் தெக்க தொறந்தது?"

"நான்தான்."

"இப்பத் தெங்கடல்ல போயிப் பாருங்க, எங்க வள்ளம் ஒண்ணு கெடக்கான்னு. கச்சான் வந்துட்டா எல்லாத்தையும் வடக்க கொண்டுபோயிருவோம். வாடை வந்தா திரும்பத் தெக்க கொண்டாருவோம். மரத்துல செஞ்ச வள்ளத்துக்கே அப்பிடி. நீங்க அம்புட்டு வெல குடுத்து வாங்குன மிஷினு மூஞ்சியக் கொண்டுபோயி கச்சானுக்கு நேரா வச்சிருக்கீகளே!"

"எங்களுக்கு யாரும் சொல்லலையேம்மா" என்றார் மலைச்சாமி.

"கேட்டீகளா?"

அப்போதுதான் எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. வடக்குச் சுவர்! அதில் இயந்திரத்தை உள்ளே இறக்க விட்ட வாசல் ஒன்று இருந்தது, பலகை வைத்து அடைத்திருந்தோம். மலைச்சாமி என்னைப் பார்த்தார். அவருக்கும் அதே நினைப்பு. கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடினார். பலகையில் பதினாறு ஆணி. நான் எண்ண எண்ண அவர் பிடுங்கினார். லாரிக்காரரிடமிருந்து தார்ப்பாயை வாங்கித் தெற்கு ஜன்னலை இழுத்துக் கட்டினோம். கூலரைக் கழுவ வேண்டும். அந்த அறைக் குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், அதிலும் உப்புதான். நல்ல தண்ணீர் உரிக்கும் கூடத்தில் மட்டும் உண்டு. கூடத்திலிருந்து அறை வரைக்கும் பெண்கள் வரிசையாக நின்றுவிட்டார்கள். இறால் அள்ளுகிற டப்பில் தண்ணீர் கை மாறி வந்தது.

"சார், எண்ணுங்க! விட்டுறாதீக!" என்று ஒருத்தி வரிசையிலிருந்து கத்தினாள்.

"முப்பத்தொண்ணு!"

"இல்ல சார், முப்பத்திரண்டு! ஒண்ணு என் மேல ஊத்திருச்சு!"

சிரித்துக்கொண்டே ஊற்றினார்கள். நூற்றுப் பதினெட்டு டப் தண்ணீர். தகட்டிலிருந்து வெள்ளையாக வழிந்து, பிறகு சாம்பலாக வழிந்து, கடைசியில் தெளிவாக வழிந்தது. எல்லாம் சேர்ந்து ஐம்பத்து மூன்று நிமிடம். மலைச்சாமி பொத்தானை அழுத்தினார். அறுபது. எழுபது. எழுபத்தெட்டு. எல்லோரும் முகப்பையே பார்த்தோம். எண்பத்து நான்கு, எண்பத்தாறு, எண்பத்தெட்டு. அங்கேயே நின்றது. கால் மணி நேரம் கழித்தும் எண்பத்தெட்டு.

"போங்க, போயி வேலையப் பாருங்க" என்று ஜெனோவா எல்லோரையும் விரட்டினாள். கன்டெய்னர் நான்கு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு வாசலைத் தாண்டியது. ஆயிரத்து நூற்றைம்பது பெட்டியும் அதில் இருந்தன. மறுநாள் காலை தூத்துக்குடியிலிருந்து ஏஜென்ட் அழைத்துக் கப்பலேறிவிட்டது என்று சொன்ன பிறகுதான் எனக்கு இட்லி இறங்கியது.

முதலாளி ஒன்பதாம் நாள் திரும்பினார். நடந்ததை அவரிடம் யாரோ நல்ல விதமாகவே சொல்லியிருந்தார்கள். நீங்கள் சமயத்தில் நிறுத்தினீர்களாமே என்று பாராட்டத் தொடங்கினார். அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டிருக்கலாம்.

"முதலாளி, இந்த மிஷின் கடக்காத்துக்குத் தாங்கும்னு நான் சொன்னேன். தெரியாமச் சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தெரியாதுன்னு சொல்லியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்?"

"விசாரிச்சுட்டு வாங்கன்னு சொல்லியிருப்பீங்க."

"விசாரிக்க எத்தனை நாளு ஆயிருக்கும்?"

"ரெண்டு நாள்."

"ரெண்டு நாளு" என்று திருப்பிச் சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. என்னால்தான் இன்றும் அதைப் பேசாமல் இருக்க முடியவில்லை. "பூச்சுப் போட்ட கூலருக்கு ஆர்டர் போடுங்க. வரி கூடுதா கொறையுதான்னு எங்கிட்டச் சொல்ல வேணாம்" என்றார் முதலாளி.

எல்லோரும் அவசரப்படும்போது உங்களிடமும் இப்படி ஒரு கேள்வி வரும். உங்கள் தாளில் எல்லா எண்ணும் சரியாக இருக்கும். தாளில் இல்லாத ஒன்றை ஒருவர் கேட்பார். அப்போது "தெரியாது, இரண்டு நாள் கொடுங்கள்" என்று சொல்லிப் பழகுங்கள். முதல் தடவை நாக்கு எழாது. இரண்டாம் தடவை எழும். வரி எல்லோருக்கும் ஒன்றுதான், போட்டி ஆலைக்கும் அதே வரிதான். உப்புக்காற்று ஒவ்வொரு சுவருக்கும் வேறு வேறு அளவில் வருகிறது. அதை உங்கள் சுவருக்குப் பக்கத்தில் இருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

புதுக் கூலர் வருவதற்குள் இரண்டு சுவரிலும் ஷட்டர் வைத்தோம். அக்டோபர் கடைசியில் ஒரு நாள் காலை ஜெனோவா பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகக் கம்ப்ரசர் அறைக்கு வந்தாள்.

"வாடை எறங்கிருச்சு. ஏழு வள்ளமும் இன்னைக்குத் தெக்க போகுது."

மலைச்சாமி வடக்கு ஷட்டரை இறக்கித் தெற்கு ஷட்டரைத் தூக்கினார். அன்றிலிருந்து ஆண்டுக்கு இரண்டு முறை அப்படியே நடந்தது. பராமரிப்பு அட்டவணையில் அதையும் சேர்த்தேன். மொத்தம் நாற்பத்திரண்டு வேலைகளில் நாற்பத்தொன்றுக்குத் தேதி போட்டிருந்தேன். ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

வெளியிலிருந்து தணிக்கைக்கு வந்தவர் சரியாக அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"ஷட்டர் மாத்துற தேதி போடலையே?"

"வள்ளத்தை ஒரு கடல்ல இருந்து மத்த கடலுக்கு மாத்துற அன்னைக்கு மாத்துவோம்."

"அதை யார் முடிவு பண்றது?"

"ஜெனோவா. இறால் உரிக்கும் பிரிவு."

அவர் நம்பவில்லை. ஆளைப் பார்க்க வேண்டும் என்றார். ஜெனோவா கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள். ஏப்ரல் ஒன்று, அக்டோபர் ஒன்று என்று நிலையாக இரண்டு தேதி வைத்துக்கொள்ளலாமே, எதற்கு வள்ளத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்று அவளிடம் கேட்டார்.

"நீங்க எந்த ஊரு சார்?"

"சென்னை."

"அங்கன கடலு ஒண்ணுதானே?"

"ஆமா."

"அதான் தேதி கேக்குறீக" என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு உரிக்கப் போய்விட்டாள்.